கடும் தண்டனை கேட்பதற்கு முன்

(போதைப்பொருள் ஒழிப்பு குறித்த கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாலையில் நிறைவேற்ற இருக்கும் தீர்மானங்களின் நகல் காலையிலேயே என் கைக்கு வந்துவிட்டது. நான்காவது தீர்மானம் இப்படி இருக்கிறது: “கஞ்சா வழக்கில் கைதாகிறவர்கள் பிணையில் வெளியே வர முடியாதபடி அரசு கடும் தண்டனைச் சட்டம் இயற்ற வேண்டும்.” இதை எழுதிய தோழர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. நம் தெருக்களில் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் பொட்டலத்தோடு திரிகிறார்கள். அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களிடம் போய், “நான் சட்டத்தைப் பற்றி ஆய்வு செய்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்” என்று சொல்ல எனக்கும் வாய் வராது. ஆனாலும் இந்தத் தீர்மானத்தைத் திருத்துங்கள் என்று கேட்கத்தான் இங்கே நிற்கிறேன். நாம் கேட்கிற அந்தக் கடும் சட்டம் 1985 முதலே இருக்கிறது, தோழர்களே. அது இதுவரை யாரைப் பிடித்தது என்று பார்க்காமல், இன்னும் கொஞ்சம் கடுமையாக்கு என்று நாமே கேட்கலாமா?

சட்டத்தின் பெயர் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம். நீதிமன்றத்தில் எல்லோரும் என்.டி.பி.எஸ். என்கிறார்கள். 2001இல் இதைத் திருத்தினார்கள். அதிலிருந்து தண்டனையைத் தீர்மானிப்பது எடை. கஞ்சா 1 கிலோ வரை இருந்தால் ‘சிறிய அளவு’, ஓராண்டு வரை சிறை. 20 கிலோவுக்கு மேல் போனால் ‘வணிக அளவு’, குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு, அபராதம் லட்சத்தில் தொடங்கும். இரண்டுக்கும் நடுவில் என்றால் 10 ஆண்டு வரை. கேட்க நியாயமாகத் தெரியும். கூடுதல் சரக்கு, கூடுதல் தண்டனை.

ஆனால் 21 கிலோ பையைச் சுமந்துகொண்டு ரயிலில் வருகிறவர் யார்? ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளிலிருந்து பையை இங்கே கொண்டுவந்து சேர்த்தால் ஒரு தொகை தருவதாகச் சொல்லி அனுப்பப்பட்ட கூலி. சரக்குக்குப் பணம் போட்டவர் பையைத் தொடுவதே இல்லை. தராசு பையைத்தான் நிறுக்கிறது, முதலை நிறுப்பதில்லை. பணம் போட்டவரைத் தண்டிக்க 27ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதற்கும் 10 முதல் 20 ஆண்டுதான். ஆனால் அவர் வரை போவதற்குப் புலனாய்வு வேண்டும். பையோடு நிற்கிறவரைப் பிடிக்க ரயில் நிலையத்தில் நின்றால் போதும்.

எதை நிறுக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். கஞ்சா என்றால் என்ன என்று சட்டமே வரையறுக்கிறது: செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனி. விதையும் இலையும் கஞ்சா அல்ல, நுனியோடு சேர்ந்து இல்லாதவரை. அதாவது இலை தனியாக இருந்தால் குற்றமில்லை. பூவோடு சேர்ந்து ஒரே பையில் இருந்தால் அந்த இலையின் எடையும் குற்றத்தின் எடைதான். தனியாக இருக்கும் அந்த இலையை அரைத்துச் செய்வதுதான் பாங். உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு உரிமம் பெற்ற கடைகளில் அது விற்கிறது. ஹோலிக்கும் சிவராத்திரிக்கும் பாலில் கலந்து குடிக்கிறார்கள்.

சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்திய நாடு தழுவிய கணக்கெடுப்பு 2019இல் வெளிவந்தது. அதன்படி ஓராண்டில் பாங் பயன்படுத்தியவர்கள் சுமார் 2.2 கோடிப் பேர். கஞ்சா, சரஸ் பயன்படுத்தியவர்கள் சுமார் 1.3 கோடி. ஒரே செடி. அதிகம் பேர் பயன்படுத்தும் பகுதிக்கு உரிமம், குறைவானவர்கள் பயன்படுத்தும் பகுதிக்கு விலங்கு. பாங் குடிப்பவர்கள் எல்லாம் பார்ப்பனர்கள் என்று நான் சொல்லவில்லை. வடக்கே எல்லாச் சாதியினரும் குடிக்கிறார்கள். ஆனால் அதற்குக் கோயிலும் பண்டிகையும் துணையாக நிற்கின்றன. மூட்டை தூக்கிய உடம்பு வலிக்கு ஒருவன் ஒரு பீடியில் கஞ்சாவைத் திணித்து இழுத்தால் அவனுக்கு எந்தச் சாமியும் துணைக்கு வருவதில்லை.

ஒரே பொருளுக்கு இரண்டு சட்டம் போட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவைப் பார்க்கலாம். அங்கே 1986இல் கொண்டுவந்த சட்டப்படி 500 கிராம் கொக்கெய்ன் பொடிக்குக் குறைந்தபட்சம் 5 ஆண்டு சிறை. அதே கொக்கெய்னைக் காய்ச்சிக் கட்டியாக்கிய ‘கிராக்’ என்றால் 5 கிராமுக்கே அந்த 5 ஆண்டு. கறுப்பின மக்கள் சிறைகளை நிரப்பினார்கள். 100க்கு 1 என்ற அந்த விகிதத்தை 18க்கு 1 என்று குறைக்கவே 2010 வரை ஆனது. சட்டத்தில் நிறம் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது. நம் சட்டத்திலும் சாதி என்ற சொல் கிடையாது.

இனி பிணைக்கு வருகிறேன். தீர்மானத்தில் ‘பிணையில் வர முடியாதபடி’ என்று இருக்கிறதே, அதுதான் 37ஆவது பிரிவு. வணிக அளவு வழக்கில், இவர் குற்றவாளி அல்ல என்று நம்பக் காரணம் இருக்கிறது, வெளியே போனால் குற்றம் செய்யமாட்டார் என்று நீதிமன்றம் திருப்தி அடைந்தால்தான் பிணை. விசாரணையே தொடங்காத நிலையில் இதை எப்படி நிரூபிப்பது? குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவே 180 நாள் அவகாசம், நீதிமன்றம் அனுமதித்தால் ஓராண்டு. பொருள் உங்களிடம் இருந்தது என்று போலீஸ் காட்டிவிட்டால், தெரிந்து வைத்திருக்கவில்லை என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. 35, 54ஆம் பிரிவுகள் அப்படிச் சொல்கின்றன. நல்ல வழக்கறிஞர் வைக்க முடிந்தவருக்கு, சோதனை நடைமுறையில் ஓட்டை கண்டுபிடித்து வெளியே வர வழி உண்டு. அடுப்பெரிக்கவே அன்றாடக் கூலியை நம்பும் வீட்டுக்கு அது முடியாது. கஞ்சா வழக்கு ஒன்றில் 7 ஆண்டுகளுக்கும் மேலாக விசாரணைக் கைதியாக இருந்த ஒருவருக்கு 2023இல் உச்ச நீதிமன்றம் பிணை கொடுத்தது. அவர் குற்றவாளியா இல்லையா என்று அதுவரை எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை.

இதுவாவது வழக்கு. மாநிலச் சட்டம் ஒன்று இருக்கிறது, அதற்கு வழக்கின் முடிவே தேவையில்லை. 1982ஆம் ஆண்டின் 14ஆவது தமிழ்நாடு சட்டம். நம் ஊரில் ‘குண்டாஸ்’. அதன் முழுப் பெயரிலேயே போதைப்பொருள் குற்றவாளி இருக்கிறார், குடிசைப் பகுதி நில அபகரிப்பாளரும் இருக்கிறார். கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ கையெழுத்துப் போட்டால் 12 மாதம் உள்ளே வைக்கலாம். அறிவுரைக் குழுமத்தின் முன் வழக்கறிஞர் வைத்து வாதாட உரிமை இல்லை. உயர் நீதிமன்றம் உத்தரவை ரத்து செய்வது அடிக்கடி நடக்கிறது. ஆனால் ஆட்கொணர்வு மனு விசாரணைக்கு வந்து முடிவதற்குள் பல மாதங்கள் ஓடிவிடும். தடுப்புக் காவல் கைதிகள் எண்ணிக்கையில் 2021, 2022 இரண்டு ஆண்டுகளிலும் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்குத்தான், மொத்தத்தில் ஏறக்குறைய பாதி. சமூக நீதி மண் என்று மேடை தோறும் பேசுகிறோம், இந்த முதலிடத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

2021 டிசம்பரில் காவல்துறை ஒரு நடவடிக்கை தொடங்கியது. பெயர் ‘ஆபரேஷன் கஞ்சா வேட்டை’. வேட்டை என்றால் எந்தக் காட்டில் என்ற கேள்வி வரும். நகரத்தின் நடுவிலிருந்து பெயர்த்து எடுத்து ஊருக்கு வெளியே கொட்டிய ஹவுசிங் போர்டு குடியிருப்புகளில், காலனிகளில், குப்பங்களில். ஐ.டி. நிறுவனத்து விடுதியிலும் புகைக்கிறார்கள், அங்கே விடியற்காலையில் கதவைத் தட்டுகிறார்களா? வழக்கில் சிக்கியவர்களின் உறவினர்களுடைய வங்கிக் கணக்குகளையும் முடக்கினோம் என்று காவல்துறையே பெருமையாக அறிவித்தது. உறவினர் என்றால் பூ விற்கும் அம்மாவும் உறவினர்தான்.

உள்ளே போனால் அங்கும் சாதி. சிறையில் சாதி பார்த்து வேலை ஒதுக்குவது அரசமைப்புக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2024 அக்டோபரில். பாளையங்கோட்டைச் சிறையில் சாதி வாரியாகக் கைதிகளைப் பிரித்து வைத்ததும் அந்தத் தீர்ப்பில் பேசப்படுகிறது. நாட்டின் விசாரணைக் கைதிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர், மக்கள்தொகையில் நம் பங்கு 16.6 விழுக்காடு.

அப்படியானால் விற்கிறவனை விட்டுவிடலாமா என்று முன்வரிசையில் ஓர் அக்கா கேட்டார். விடச் சொல்லவில்லை, அக்கா. பிள்ளைகள் கையில் சரக்கைக் கொடுத்து விற்கச் சொல்கிறவனுக்கு 7 ஆண்டு வரை கடுங்காவல் என்று 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 78ஆவது பிரிவில் சொல்கிறது. நம் தெருவில் அந்தப் பிரிவில் எத்தனை வழக்குப் பதிவானது என்று காவல் நிலையத்தில் கேளுங்கள். பையன் மீது வழக்கு இருக்கும், அவனுக்குக் கொடுத்தவன் மீது இருக்கிறதா என்று பாருங்கள். என்.டி.பி.எஸ். சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையானவர் தானே சிகிச்சைக்கு முன்வந்தால் சிறிய அளவு வழக்கிலிருந்து அவருக்கு விலக்கு உண்டு. காசுள்ள வீட்டுப் பிள்ளை தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்ந்துகொள்வான். நம் பிள்ளையைச் சேர்க்கப் பக்கத்து அரசு மருத்துவமனையில் படுக்கை இருக்கிறதா?

எனவே நான்காவது தீர்மானத்துக்கு நான் முன்வைக்கும் வாசகம் இது: “சிறுவர்களை வைத்துப் போதைப்பொருள் விற்பவர்கள் மீதும், அதற்குப் பணம் போடுபவர்கள் மீதும் இருக்கும் சட்டப் பிரிவுகளில் வழக்குப் பதிய வேண்டும். குண்டர் சட்டத்திலிருந்து போதைப்பொருள் குற்றவாளி என்ற வகையை நீக்க வேண்டும். தாலுகா மருத்துவமனை தோறும் இலவசப் போதை மீட்புப் பிரிவு திறக்க வேண்டும். என்.டி.பி.எஸ். வழக்குகளிலும் தடுப்புக் காவலிலும் இருப்பவர்களின் சாதிவாரிக் கணக்கை ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும்.” சொற்களை மாற்ற வேண்டும் என்றால் மாற்றலாம். சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கும் விவாதத்தில் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.