காளத்தியின் மூன்று அடியவர்



நம் திருக்கோயில்களில் விலங்கும் பறவையும் இறைவனுக்கு ஊர்தியாக நிற்பதைக் காண்கின்றோம். சிவபிரானுக்கு விடை, முருகனுக்கு மயில், திருமாலுக்குக் கருடன். ஆயின், மூன்று உயிர்கள் ஊர்தியாக அன்றி அடியவராகவே நின்று, தலத்திற்குத் தம் பெயரையும் அளித்த இடம் ஒன்றுண்டு. அதுவே பொன்முகலி யாற்றங்கரையில் விளங்கும் சீகாளத்தி. ‘சீ’ என்பது சிலந்தி, ‘காளம்’ பாம்பு, ‘அத்தி’ யானை. தொண்டைநாட்டுப் பாடல் பெற்ற தலமாகிய இது, இன்று ஆந்திர மாநிலத்துத் திருப்பதி மாவட்டத்தில் உள்ளது.

தலபுராணம் கூறுவதைக் கேளுங்கள். சிலந்தி தன் உடல் நூலால் இறைவனுக்குப் பந்தர் இழைத்தது. விளக்கின் சுடர் அதனை எரிக்கவே, சுடரை விழுங்கப் பாய்ந்து மாண்டது. அவ்விளக்கும் ஒருவர் செய்த வழிபாடே அன்றோ?

நாகம் மாணிக்கங்களைச் சார்த்தியது. யானை அவற்றைத் தள்ளிவிட்டு, ஆற்றுநீர் ஆட்டி வில்வம் இட்டது. நாகத்திற்கு வில்வம் குப்பை. யானைக்கு மாணிக்கம் வெறுங்கல். சினந்த நாகம் துதிக்கையுள் புகுந்தது, யானை வேதனையால் பாறையில் மோதியது, இரண்டும் மடிந்தன. இறைவனோ, எவர் பூசை சிறந்தது என்று தீர்ப்புக் கூறவில்லை. மூன்றுக்கும் முத்தி அளித்தான்.

இதே வழக்கு மனிதரிடையேயும் இம்மலையில் நிகழ்ந்தது. 12-ஆம் நூற்றாண்டிலே சேக்கிழார் பெருமான் அதனைப் பெரியபுராணத்தில் விரித்துரைத்தார். சிவகோசரியார் இட்ட மலரைத் திண்ணனார் செருப்படியால் நீக்கினார். திண்ணனார் படைத்த ஊனைச் சிவகோசரியார் அகற்றினார். இருவருமே தூய்மை செய்ததாகத்தான் எண்ணினர். இறைவன் கண்ணில் குருதி பெருக, திண்ணனார் தம் கண்ணையே இடந்து அப்பியபோதுதான் மறையவர் அவ்வன்பை அறிந்தார். வேடர் கண்ணப்பர் ஆனார். 16-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் தூர்ஜடி இத்தலத்தின் பெருமையைத் தெலுங்கிலே பாடினார். ஆதலின் காளத்தி இரு மொழியாருக்கும் பொதுச் செல்வம்.

வேற்று மாநிலங்களில் வாழும் நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. கல்கத்தாவில் காளிக்கு ஊன் படைக்கக் கண்டு நம்மவர் சிலர் முகம் சுளிப்பர். நம் வாயிற்கோலம் அயலார்க்கு வெறும் மாவாகத் தோன்றலாம். பிறர் இட்டதை அகற்றக் கை நீளுமுன், இது எவருடைய மாணிக்கமோ என்று சற்றே எண்ணிப் பார்ப்போமாக.