ஆற்று மீனுக்கு யார் பட்டா கொடுத்தது?

(மயிலாப்பூர் மாங்கொல்லைப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஏரி மீன் குத்தகை சம்பந்தமாக மனு கொடுக்கத்தான் ஊரிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறோம். ஊர் திரும்பும் முன் பட்டினப்பாக்கம் வரை ஒரு நடை போய்ப் பாருங்கள். அடையாறு அங்கேதான் கடலில் சேருகிறது. வடகரையில் சீனிவாசபுரம். தென்கரையில் பிரம்மஞான சபையின் பெரிய தோட்டம், பக்கத்திலேயே ஊரூர் குப்பம். கிரவுண்டு கோடிக்கணக்கில் விலை போகிற பகுதி. அங்கேயும் ஆற்றில் வலை வீசுகிற மீனவரிடம் கரை நிலத்துக்காரர் காசு கேட்க முடியாது. பட்டா கரைக்குத்தான், தண்ணிக்கு இல்லை. (அந்தத் தண்ணியை நகரத்துச் சாக்கடை என்ன பாடு படுத்துகிறது என்பது வேறு வழக்கு.)

இங்கிலாந்தில் கதையே வேறு. கடல் ஏற்றம் எட்டாத ஆறுகளில், கரை யாருடையதோ நடு ஆறு வரை மீன் பிடிக்கும் உரிமையும் பெரும்பாலும் அவருக்கே. மற்றவர் தூண்டில் போட நாள் கணக்கில் கட்டணம். வெள்ளைக்காரன் நம் நீலகிரிக்கும் 1879-லேயே வேட்டைக்கும் மீனுக்கும் சட்டம் போட்டான். பிறகு வெளிநாட்டு டிரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டு, துரைமார் லைசென்ஸ் எடுத்துப் பொழுது போக்கினார்கள்.

நம் ஜமீன் கிராமங்களில் ஏரியும் மீனும் ஜமீன்தார் கையில் இருந்தன. 1948-ல் வந்த எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் 3-வது பிரிவு என்ன சொல்கிறது? ஆறு, ஓடை, ஏரி, மீன்வளம், ஓடத்துறை எல்லாம் சர்க்காரைச் சேரும் என்று பேர் சொல்லியே எழுதியிருக்கிறது.

பீகாரில் அப்படி நடக்கவில்லை. ஜமீன் ஒழிந்த பிறகும் பாகல்பூர் பக்கம், சுல்தான்கஞ்ச் முதல் பீர்பைந்தி வரை சுமார் 80 கிலோமீட்டர் கங்கையை இரண்டு குடும்பங்கள் சொந்தம் கொண்டாடின. 'பானிதார்' என்று பேர். தண்ணீருக்கே ஜமீன்தார்! மீனவர் வலை போட அவர்களுக்கு வரி கட்ட வேண்டும். 1982-ல் கஹல்காவில் மீனவர்கள் கங்கை விடுதலை இயக்கம் தொடங்கினார்கள். ஏறக்குறைய பத்து வருஷம் போராடி, 1991 வாக்கில் அந்த வரி ஒழிந்தது. கங்கையில் பரம்பரை மீனவர் இலவசமாக வலை போட வழி பிறந்தது.

நம் ஊரில் ஜமீன் போச்சு, குத்தகைக்காரர் வந்தார். குத்தகையே கூடாது என்று நாம் சொல்லவில்லை. மீன்குஞ்சு வாங்கி விடுகிறவருக்குச் செலவு உண்டு, அதை எடுக்கட்டும். ஆனால் மடைச் சாவி அவர் கையில் எப்படிப் போனது? கதிர் பால் பிடிக்கிற நேரத்தில், மீன் பிடிக்கத் தோதாக இருக்கட்டும் என்று ராத்திரியில் மடையைத் திறந்து விடுகிறார்கள். நெல் காய்கிறது. குழம்புக்கு நாலு கெண்டை பிடித்த பையனைத் திருடன் என்று கட்டி வைக்கிறார்கள்.

சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் கண்மாய் அழிகிற அன்று பாருங்கள். அறுப்பு முடிந்து தண்ணீர் வற்றியபின் வெள்ளைத் துண்டு வீசுவார்கள். சுற்றுப்பட்டு ஊர் சனமெல்லாம் ஊத்தாவும் கச்சாவுமாக இறங்கும். முதலில் பயிருக்குத் தண்ணீர், அப்புறம்தான் மீன். இந்த வரிசையைத்தான் குத்தகைப் பத்திரத்தில் எழுதச் சொல்கிறோம். மடைச் சாவி பாசனக்காரரிடம் இருக்க வேண்டும். குத்தகையில் உள்ளூர்க்காரருக்கு முன்னுரிமை வேண்டும். குத்தகைப் பணம் அதே ஏரியின் கரைக்கும் மதகுக்கும் செலவாக வேண்டும். வீட்டுக் குழம்புக்குத் தூண்டில் போடுகிறவரைத் தொடக்கூடாது.

ஊர் போனதும் 10 ரூபாய் கோர்ட் வில்லை ஒட்டி, 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் உங்கள் ஏரியின் குத்தகைப் பத்திர நகல் கேளுங்கள். யார் பேரில், எத்தனை வருஷம், எவ்வளவு தொகை, என்ன நிபந்தனை, நாலும் வேண்டும். நகல் வந்ததும் அடுத்த கிராம சபையில் படித்துக் காட்டித் தீர்மானம் போடுங்கள். தீர்மான நகலோடு கலெக்டர் ஆபீஸ் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளுக்கு வாருங்கள். நாமும் அங்கே இருப்போம்.