பாரிஸ் வழியாகப் புள்ளலூர்

காஞ்சிபுரம் என்றதும் உங்களில் பாதிப்பேருக்குக் காந்தி ரோட்டுப் பட்டுக்கடைகள் நினைவுக்கு வந்திருக்கும், மீதிப்பேருக்கு அத்திவரதர். இன்றைக்கு இரண்டு பக்கமும் போகப்போவதில்லை. ஊரை விட்டு வடக்கே சுமார் 15 கிலோமீட்டர் போனால் புள்ளலூர் வரும். வயல்களை ஒட்டி, மேலே கூம்பிப் போகிற இரண்டு நினைவுத் தூண்கள் நிற்கின்றன. 1781ஆம் ஆண்டுப் போரில் மாண்ட இரண்டு ஆங்கிலேய அதிகாரிகளுக்காக எழுப்பியவை. அந்தச் சண்டையைவிடப் பெரியது, அதற்கு முந்தைய ஆண்டு இதே மண்ணில் நடந்தது. அதில் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை வாங்கிய அடி, இந்தியாவில் அதுவரை அது வாங்காத அடி.

அந்தப் போர் எங்கே தொடங்கியது என்று கேட்டால், பலரும் பாரிஸைக் காட்டுவார்கள். 1778 பிப்ரவரியில் பிரான்ஸ், இங்கிலாந்தை எதிர்த்துக் கிளம்பிய அமெரிக்கர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டது. உடனே இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் பகை மூண்டது. சேதி கப்பலேறி இங்கே வந்ததுதான் தாமதம், ஹெக்டர் மன்றோ தலைமையில் கம்பெனிப் படை புதுச்சேரியை முற்றுகையிட்டது. அக்டோபரில் புதுச்சேரி பணிந்தது. மிச்சம் இருந்தது மேற்குக் கரையில் மாஹே என்ற சின்னத் துறைமுகம்.

சின்னதுதான், ஆனால் மைசூரை ஆண்ட ஹைதர் அலிக்குப் பிரெஞ்சுத் துப்பாக்கியும் வெடிமருந்தும் வந்து இறங்கிய வாசல் அது. மாஹே என் பாதுகாப்பில் இருக்கிறது, தொடாதீர்கள் என்று ஹைதர் சொல்லிப் பார்த்தார். தன் வீரர்களையும் அனுப்பினார். 1779 மார்ச்சில் ஆங்கிலேயர் அதைப் பிடித்துவிட்டார்கள்.

இத்தோடு கதையை முடித்தால் பழி முழுவதும் ஐரோப்பாவின் தலையில் விழும். எனக்கு அதில் உடன்பாடில்லை. பொறி பாரிஸிலிருந்து வந்தது, சரி. ஆனால் வைக்கோல் போரை அடுக்கி வைத்தது கம்பெனியின் சென்னைக் கோட்டை. 1769இல் ஹைதர் சென்னையின் வாசல் வரை வந்து நின்றபோது, ஒருவரை எதிரி தாக்கினால் மற்றவர் துணைக்கு வருவதென்று ஒப்பந்தம் எழுதினார்கள். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் மராத்தியர் மைசூர்மேல் பாய்ந்தார்கள். ஹைதர் கேட்டும் கோட்டையிலிருந்து ஒரு சிப்பாய்கூட வரவில்லை. அதை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

அது போதாதென்று குண்டூர் விவகாரம் வேறு. ஹைதராபாத் நிஜாமுக்குத் தெரியாமல் அவருடைய தம்பி பசாலத் ஜங்கோடு பேசி, குண்டூரை வாங்கிக்கொண்டது சென்னை. தம்பிக்கு உதவ அனுப்பிய படையை ஹைதரின் எல்லை வழியாகவே நடக்கவிட்டது. நிஜாமுக்கு ஆத்திரம்; ஹைதருக்கு ஆத்திரம்; மராத்தியர் ஏற்கெனவே பம்பாய்க் கம்பெனியோடு போரில் இருந்தார்கள். ஒருவரையொருவர் நம்பாத இந்த மூன்று பேரையும் ஒரே அணியில் சேர்த்த பெருமை சென்னை கவர்னர் ரம்போல்டின் நிர்வாகத்தையே சேரும். சமாதானம் பேச, தஞ்சாவூரில் இருந்த ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்ஸை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பினார்கள். ஹைதர் அவரை மரியாதையாக வரவேற்றார், அனுப்பியவர்களை நம்பவில்லை. 1780 ஜூலையில் ஹைதரின் பெரும்படை கணவாய் வழியாக ஆற்காட்டுச் சீமையில் இறங்கியது. ரம்போல்ட் அதற்கு முன்பே ஊருக்குக் கப்பலேறியிருந்தார்.

இனி காஞ்சிக்கு வருவோம். மன்றோ பரங்கிமலையிலிருந்து புறப்பட்டு இங்கே வந்து முகாமிட்டார். சென்னைத் தீவுத்திடல் அருகே குதிரைமேல் சிலையாக இருக்கும் மன்றோ வேறு, அவர் தாமஸ். அப்போது பத்தொன்பது வயதுப் பையன், இதே படையில்தான் இருந்தார். குண்டூரிலிருந்து கர்னல் பெய்லி சுமார் 2,800 பேரோடு, ஹெக்டர் மன்றோவுடன் சேரக் காஞ்சியை நோக்கி வந்துகொண்டிருந்தார். நடுவே கொசஸ்தலை ஆறு. கரைக்கு வந்த அன்றே இறங்கிக் கடந்திருக்கலாம். விடியட்டும் என்று வடகரையில் தங்கினார், தண்ணீர் ஏறிவிட்டது. ஒரு வாரத்துக்கு மேல் கரையிலேயே கிடந்தார்கள். செப்டம்பர் 6 அன்று பேரம்பாக்கத்தில் ஹைதரின் மகன் திப்பு மறித்தார். மன்றோ ஓர் உதவிப் படையை மட்டும் அனுப்பினார். அரிசியும் தளவாடமும் காஞ்சியில் இருந்ததால் தான் நகரத் தயங்கினார்.

செப்டம்பர் 10 காலை, புள்ளலூரில் ஹைதரும் திப்புவும் பெய்லியைச் சுற்றி வளைத்தார்கள். மைசூர் ராக்கெட்டுகள் பறந்தன. வெடிமருந்து வண்டிகள் தீப்பிடித்து வெடித்தன. கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்தது. பெய்லி சிறைப்பட்டு, 1782இல் ஸ்ரீரங்கப்பட்டணத்திலேயே இறந்தார். பக்சாரில் வென்ற மன்றோ, கனமான பீரங்கிகளைக் காஞ்சிக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குப் பின்வாங்கினார்.

புள்ளலூருக்கு இது புதிதல்ல. அதற்கு ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கும் முன்னால் மகேந்திரவர்ம பல்லவன் எதிரிகளை இங்கே முறியடித்ததாகக் காசாக்குடிச் செப்பேடு சொல்கிறது. சாளுக்கியரின் ஐஹொளே கல்வெட்டோ, பல்லவனைக் காஞ்சி மதிலுக்குள் விரட்டினோம் என்கிறது. இரண்டு தரப்புக்கும் அவரவர் எழுத்தர் இருந்தார்கள்!

திரும்பும் வழியில் பிள்ளையார்பாளையம் பக்கம் தறிச்சத்தம் கேட்டால் கொஞ்சம் நில்லுங்கள். கோர்வை போட, அதாவது சேலையின் உடலோடு கரையைக் கோத்து நெய்ய, இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். அந்தத் தறியில் ஓடும் பட்டு பெரும்பாலும் கர்நாடகத்துக் கூட்டிலிருந்து வருவது. மைசூர் நாட்டில் பட்டுப்புழு வளர்ப்பைப் பரப்பியவர் திப்பு. போர் தொட்ட சீமைக்குச் சமாதானம் கொடுத்தது இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

ஏனென்றால் மற்ற கணக்கு விசித்திரமானது. ஹைதர் 1782 டிசம்பரில் சித்தூர் அருகே இறந்தார். மறு ஆண்டு ஐரோப்பாவில் சமாதானம் பேசி முடித்த சேதி கடலூருக்கு வந்ததும், அங்கே ஆங்கிலேயரோடு மோதிக்கொண்டிருந்த பிரெஞ்சுப் படை துப்பாக்கியைக் கீழே வைத்தது. திப்பு தனித்து நின்று, 1784 மார்ச்சில் மங்களூரில் ஒப்பந்தம் செய்துகொண்டார். பிடித்ததை அவரவர் திருப்பிக் கொடுத்தார்கள். மாஹேயும் பிரெஞ்சுக்காரர் கைக்கே திரும்பிப் போனது. நடுவில் கைமாறியும், கடைசியில் அவர்கள் அங்கிருந்து கிளம்பியது 1954இல்.