கிளை பிரியும் கதைகள்: ஒரு சிறு போட்டி தந்த பாடங்கள்



விக்கிரமாதித்தன் கதையை நம்மில் பலர் லயத்து வாசலில் பாட்டி சொல்லத்தான் முதலில் கேட்டோம். ஒவ்வொரு கதையின் முடிவிலும் வேதாளம் ஒரு கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் மன்னனின் தலை வெடித்துவிடும். சொன்னாலோ மௌனம் கலைந்து வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறிவிடும். அந்த இடத்தில் பாட்டி நிறுத்தி, "நீ சொல்லு, யாரு மேல தப்பு?" என்று நம்மைக் கேட்பார். அக்கணமே நாமும் கதைக்குள் ஓர் ஆளாகிவிடுவோம் அல்லவா?

படிப்பவரையும் இப்படிக் கதைக்குள் இழுத்துக்கொள்ளும் ஒருவகை எழுத்து உண்டு. கதை ஒரு முச்சந்திக்கு வந்து நிற்கும். "ஆற்றைக் கடக்க நினைத்தால் 6-ஆம் பக்கம் செல்க, திரும்பிப் போக நினைத்தால் 11-ஆம் பக்கம் செல்க" என்று எழுதியிருக்கும். நீங்கள் எடுக்கும் முடிவுக்கு ஏற்பக் கதை மாறும். இதனைக் கிளை பிரியும் கதை என்று நாங்கள் அழைக்கிறோம்.

இது பெரிய அறிஞர்கள் கூடிச் செய்த கண்டுபிடிப்பு அன்று. அமெரிக்காவில் எட்வர்ட் பேக்கார்ட் என்ற வழக்கறிஞர் இரவில் தம் பெண்மக்களுக்குக் கதை சொல்லி வந்தார். ஒருநாள் கதை ஓடவில்லை. "அடுத்து என்ன செய்யலாம்?" என்று பிள்ளைகளையே கேட்டார். ஆளுக்கொரு விடை சொன்னார்கள். அதிலிருந்து பிறந்த அவருடைய நூல் 1976-இல் வெளிவந்தது. ஏறத்தாழ அதே காலத்தில், குகைகளை ஆராய்வதில் ஆர்வம் கொண்ட வில் குரோதர் என்பவர், தாம் கண்ட குகையைக் கணினியில் எழுத்தாலேயே அமைத்தார். விளையாடுபவர் சொற்களைத் தட்டினால் கணினி பதில் சொல்லும். அதையும் அவர் தம் மகள்களுக்காகவே செய்தார். 1995 முதல் இத்தகைய கணினிக் கதைகளுக்கு உலகளவில் ஆண்டுதோறும் ஒரு போட்டி நடந்து வருகிறது. பிழைப்புக்காக அல்லாமல் ஆசைக்காக எழுதுவோரே அதில் பெரும்பாலும் கலந்துகொள்கிறார்கள்.

நம் நாட்டிலும் எழுத்துப் போட்டிக்கும் எழுத்துப் பயிற்சிக்கும் நல்ல மரபு உண்டு. 1924-இல் தோன்றி 2019-இல் நின்றுபோன 'தமிழ் நேசன்' நாளிதழ், 1950-இல் கதை வகுப்பு நடத்தியது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அதனை நடத்தினார்கள். 1952-இல் தமிழகத்திலிருந்து வந்து அவ்விதழில் பணியாற்றிய கு. அழகிரிசாமியும் இங்குள்ள இளம் எழுத்தாளர்களுக்கு வழிகாட்டினார். 1972-இல் சிறந்த கதைகளுக்குப் பவுன் பரிசளிக்கும் திட்டத்தையும் அதே இதழ் தொடங்கியது.

இவற்றையெல்லாம் பேசிக்கொண்டிருந்த நாங்கள் நான்கு பேர், பந்திங் வட்டாரத்துத் தோட்டக் குடும்பங்களுக்காகக் கிளை பிரியும் கதைப் போட்டி ஒன்றை நடத்தினால் என்ன என்று துணிந்தோம். எங்களில் ஒருவர் ஓய்வுபெற்ற கிராணி, ஒருவர் தமிழாசிரியை, ஒருவர் தோட்ட மருந்தகத்தில் வேலை பார்த்தவர், ஒருவர் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுநர். கணினி வேண்டாம், பள்ளிப் பயிற்சிப் புத்தகம் போதும் என்று முடிவு செய்தோம். மூன்று ஆண்டுகள் நடத்தினோம். அதில் நாங்கள் செய்த பிழைகளையும் கற்ற பாடங்களையும்தான் இன்று உங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறோம்.

முதலாவது, விதிமுறை. முதல் ஆண்டு மூன்று பக்கத்துக்கு விதி எழுதி ஒட்டினோம். அதைப் படித்தவர்கள், "இது படிச்சவங்க சமாச்சாரம்" என்று ஒதுங்கிப் போனார்கள். அடுத்த ஆண்டு ஐந்தே வரிகளில் சுருக்கினோம். எத்தனை பக்கம், எந்தத் தலைப்பு, எந்த நாள், யாரிடம் கொடுப்பது, யார் எழுதலாம். இவ்வளவுதான். 'எதைப் பற்றியும் எழுதலாம்' என்று விட்டபோது அரண்மனையும் புதையலுமாக வந்தன. 'முடிவெடுத்த நாள்' என்று தலைப்புக் கொடுத்த பிறகே நம் வீட்டு வாசலும், பிரட்டுக் களமும், கிள்ளானுக்குப் போகும் பேருந்தும் கதைக்குள் வந்தன.

இரண்டாவது, சோதித்துப் பார்ப்பது. சாதாரணக் கதையில் ஒரு வரி பிசகினாலும் கதை நகர்ந்துவிடும். கிளைக் கதையிலோ '17-ஆம் பக்கம் செல்க' என்று எழுதிவிட்டு 17-ஆம் பக்கத்தையே மறந்துவிட்டால், படிப்பவர் நடுக்காட்டில் நிற்பார். முதல் ஆண்டு வந்த ஆறு கதைகளில் நான்கில் இந்தக் குறை இருந்தது. எழுதியவருக்கு வழி முழுவதும் மனத்தில் இருப்பதால் அவர் கண்ணுக்கு அது படாது. ஆகவே, 'கொடுக்கும் முன் வேறொருவரைப் படிக்கச் சொல்லுங்கள்' என்று சேர்த்தோம். எழுத்தறியாத பாட்டிக்கு வாசித்துக் காட்டிய ஒரு பையன், அவர் கேட்ட குறுக்குக் கேள்விகளாலேயே தன் கதையை மூன்று இடங்களில் திருத்திக்கொண்டான்.

மூன்றாவது, வழிகள் மெய்யாகவே பிரிய வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் ஒரே முடிவு வருமானால் படிப்பவர் ஏமாந்து போவார். இதைச் சொல்லி ஒரு சிறுவனின் கதைக்கு மதிப்பெண் குறைத்தோம். அவனோ, "அப்பாவைக் கேட்டாலும் கேட்காவிட்டாலும் எங்கள் வீட்டில் ஒன்றுதானே சார்!" என்றான். அவன் அதை வேண்டுமென்றேதான் எழுதியிருக்கிறான். அன்று முதல், குறை சொல்லுமுன் எழுதியவரின் எண்ணம் என்னவென்று ஒருமுறை யோசித்துப் பார்க்கிறோம்.

நான்காவது, நடுவர் வேலை. எங்களில் ஒருவர் ஒரு வழியை மட்டும் படித்துவிட்டு மதிப்பெண் போட்டுவிட்டார். எழுதியவரின் உழைப்பெல்லாம் அவர் புரட்டாத பக்கங்களில் கிடந்தது. பின்னர், ஒவ்வொரு நடுவரும் ஒரு கதையைக் குறைந்தது மூன்று வழிகளில் படிக்க வேண்டும் என்றும், ஒரு கதைக்கு அரைமணி நேரம் என்றும் வகுத்தோம். உலகப் போட்டியில் ஒரு கதைக்கு இரண்டு மணி நேரம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். பெயரை மறைத்து எண் மட்டும் இட்டோம். சிறிய ஊரில் அனைவரும் சொந்தக்காரர்கள். பெயர் தெரிந்தால் பேனா வளையும்.

ஐந்தாவது, தோற்றவர்க்கு நாம் சொல்லும் சொல். முதல் ஆண்டு பரிசு பெற்ற இருவரைப் பாராட்டினோம். மற்ற நால்வரின் புத்தகங்களை ஒரு வார்த்தையும் எழுதாமல் திருப்பிக் கொடுத்தோம். அந்த நால்வரும் மறுபடி எங்கள் போட்டிக்கு எழுதவேயில்லை. பிறகு ஒவ்வொரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் மனத்தில் நின்ற ஓர் இடத்தையும், திருத்த வேண்டிய ஓர் இடத்தையும் குறித்தோம். ஐம்பது வெள்ளிப் புத்தகப் பரிசைவிட அந்த அரைப்பக்கத்தையே பலர் பத்திரப்படுத்தி வைத்தார்கள்.

இனி, எங்கள் மனத்தை உறுத்தும் ஒன்று. முதல் ஆண்டு, கேட்டவர்களுக்கெல்லாம் இரங்கி இறுதி நாளை இருமுறை தள்ளிப் போட்டோம். குறித்த நாளில் கொடுத்த ஒரு மாணவி, "நான் ஏன் தூக்கம் விழித்தேன்?" என்று கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை. அதனால் மறு ஆண்டு ஒரு மணி நேரம்கூடத் தள்ளுவதில்லை என்று அறிவித்தோம்.

அந்த ஆண்டு ஒரு நாள் தாமதமாக ஒரு புத்தகம் வந்தது. எழுதியவள் படிவம் மூன்றில் படிக்கும் பெண். கதை 1969-ஐப் பற்றியது. அவ்வாண்டு வேலைப் பெர்மிட் முறை வந்தபோது, குடியுரிமை இல்லாத தோட்டத் தொழிலாளர் பல்லாயிரவர் தமிழகம் திரும்ப நேர்ந்ததை நம் பெரியவர்கள் அறிவார்கள். கதையில் மனைவி இங்கே பிறந்தவள். கணவனுக்குக் குடியுரிமை இல்லை. அன்று சுவெட்டன்ஹாம் துறைமுகம் எனப்பட்ட இன்றைய கிள்ளான் துறைமுகத்தில் கப்பல் காத்திருக்கிறது. குடும்பமே ஏறுவதா? அவர் மட்டும் போவதா? பெர்மிட் இல்லாமல் ஒளிந்து வாழ்வதா? மூன்று வழி, மூன்று வாழ்க்கை. ஒவ்வொன்றிலும் ஓர் இழப்பு இருந்தது.

வந்தவற்றுள் அதுவே சிறந்தது என்பதில் எங்கள் நால்வருக்கும் ஐயமில்லை. ஆனால் பரிசளிக்கவில்லை. கோயில் மண்டபத்தில் வாசிக்க மட்டும் அழைத்தோம். வாசித்து முடிந்ததும் ஒருவர், "இதில் நிஜமாக நடந்தது எது?" என்று கேட்டார். அந்தப் பெண் பதில் சொல்லாமல், முன்வரிசையில் இருந்த தன் பாட்டியைப் பார்த்தாள். பாட்டி மெதுவாக, "ஒன்பதாம் பக்கம்" என்றார். ஒன்பதாம் பக்கத்தில் கணவர் மட்டும் கப்பல் ஏறுகிறார். சில ஆண்டுகளில் கடிதம் நின்றுவிடுகிறது.

ஏன் தாமதம் என்று பிறகுதான் விசாரித்தோம். நாங்கள் குறித்த நாள் தீபாவளிக்கு முந்திய வாரம். பலகாரம் சுட்டு விற்கும் தாய்க்கு உதவியாக அவள் இரவெல்லாம் அடுப்படியில் இருந்திருக்கிறாள். விதியை மீறாதது சரிதான். நாட்காட்டியைப் பாராமல் விதி செய்தது எங்கள் தவறு. மூன்றாம் ஆண்டு பண்டிகையும் பரீட்சையும் இல்லாத மாதமாகப் பார்த்து நாள் வைத்தோம். குறித்த நாளிலேயே பதினோரு கதைகள் வந்தன. அவற்றில் அவளுடையது இல்லை.

நேயர்களே, உங்கள் இல்லத்திலும் இதைச் செய்து பார்க்கலாம். ஒரு பயிற்சிப் புத்தகம் எடுங்கள். உங்கள் குடும்பம் முடிவெடுத்துத் தீர வேண்டியிருந்த ஒரு நாளை முதல் பக்கத்தில் எழுதுங்கள். தோட்டத்தை விட்டு வெளியேறிய நாளாக இருக்கலாம். மகளை வெளியூருக்குப் படிக்க அனுப்பிய நாளாக இருக்கலாம். நீங்கள் போன வழியை ஒரு பக்கத்திலும் போகாத வழியை இன்னொரு பக்கத்திலும் எழுதுங்கள். எழுதத் தெரியாத பெரியவர் சொல்லட்டும், பிள்ளை எழுதட்டும். நம் தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயம் போன பிறகும், அங்கே நம் பெரியவர்கள் என்ன எண்ணி எந்த முடிவை எடுத்தார்கள் என்பது பேரப்பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா?