‘கீழ’ என்று ஒரு சொல்

(மாமல்லபுரத்தில் நடந்த பெண்கள் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டார்கள். வாசிக்கப் போவதில்லை. என் பெரியம்மாவின் அரிப்பைப் பற்றிப் பேசப் போறேன். சிரிக்கிறவங்க இப்பவே சிரிச்சு முடிச்சிடுங்க.

பெரியம்மா செங்கல்பட்டுப் பக்கம் நடவுக் கூலி. நாள் முழுக்கச் சேறு, நனைந்த துணி. “கீழ அரிக்குதுடி, ராத்திரியில தூக்கமே இல்ல”ன்னு என் அம்மாகிட்ட மட்டும் சொல்லும். பத்து வருசம் சொல்லிச்சு. ஒருத்தர் சூடு என்றார். இன்னொருத்தர் தாது போகுது என்றார். வேப்பிலைத் தண்ணி, மஞ்சள், உப்பு என்று கழுவிக் கழுவி எரிச்சல் கூடியதுதான் மிச்சம். ஆஸ்பத்திரியில் “எங்க?”ன்னு கேட்டாங்க. “கீழ”ன்னுது. படுக்க வைத்துப் பார்க்காமலே வெள்ளைபடுதலுக்கு மாத்திரை எழுதி அனுப்பிட்டாங்க.

சேரிப் பெண்ணைத் தொட்டுப் பார்க்கிற கை எது, தொடாத கை எது என்று நமக்குத் தெரியும். அதைவிட எனக்கு உறுத்துவது வேற. அந்த உறுப்பின் பெயர் பெரியம்மாவுக்குத் தெரியாமல் இல்லை. வரப்பில் நின்று ஆண்டை திட்டும்போது நாள்தோறும் கேட்ட பெயர்தான். வசவாகவே கேட்ட சொல்லை நோயாக எப்படிச் சொல்லும்? இந்த ஊர்ச் சிற்பி கல்லில் பெண்ணைச் செதுக்க அங்கம் அங்கமாக அளவு வைத்திருக்கிறான். உயிரோடு இருப்பவளுக்கு ‘கீழ’ மட்டும்தான்.

கடைசியில் ஒரு பெண் மருத்துவர் விளக்கு வைத்துப் பார்த்தார். பெண்குறியின் வெளித்தோல் வெளுத்து, காகிதமாய் மெலிந்து, வெடித்திருந்தது. உதடுகள் சுருங்கி ஒட்டிப்போயிருந்தன. லைக்கன் ஸ்கிலிரோசஸ் என்றார். தொத்து நோய் இல்லை. அசுத்தத்தால், நடத்தையால் வருவதில்லை. மாதவிடாய் நின்றவர்களுக்கு அதிகம், சிறுமிகளுக்கும் வரும். குளோபீட்டசால் என்கிற வீரியமான ஸ்டீராய்டு களிம்பை மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன காலம்வரை போட்டால் அடங்கும். கவனிக்காமல் விட்டால் சிலருக்கு, நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாக, புற்றுநோயாகலாம்.

அதே ஸ்டீராய்டைப் படர்தாமரையில் தடவினால் படர்தாமரை இன்னும் பரவும். மெடிக்கல் ஷாப்பில் “அரிப்புக்கு” என்று கேட்டால் தருகிற கலவைக் களிம்புகளில் பலவற்றில் அது இருக்கிறது. 2018ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டோடு மட்டுமே விற்க வேண்டிய ‘எச்’ அட்டவணையில் சேர்த்தது. கடையில் யார் சீட்டு கேட்கிறார்கள்?

ஒரே ‘கீழ’க்குள் எத்தனையோ. திரிந்த பால் மாதிரி வெள்ளையும் அரிப்பும் என்றால் பெரும்பாலும் காளான். திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரை இருக்கான்னு ரத்தம் பார்க்கணும். வாசலோரம் ஒரு பக்கம் மட்டும் கட்டி வீங்கினால் பார்த்தோலின் சுரப்பி அடைத்திருக்கலாம். வாரக்கணக்கில் ஆறாத புண், வளர்கிற முடிச்சு என்றால் ஒத்திப்போடக் கூடாது.

பெரியம்மா ஒருத்திக்கு மட்டும் வந்த கேடா இது? மகாராஷ்டிரத்தில் கட்சிரோலி. அங்கே ராணி பங், அபய் பங் என்ற மருத்துவத் தம்பதி இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்து 1989ல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். 92 சதவீதம் பேருக்குப் பெண் உறுப்புகள் சார்ந்த நோய் ஏதாவது இருந்தது. அதற்கு முன் அந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 8 சதவீதம். அதுவரை பெண் உடம்பு என்றால் அரசாங்கத்துக்குப் பிரசவமும் குடும்பக் கட்டுப்பாடும்தான். பிள்ளை பெறாத நேரத்தில் அந்த உறுப்பை யாரும் ஏறிட்டும் பார்க்கவில்லை.

பேங்கில் கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் தினம் பார்க்கிறேன். கூச்சப்படுகிற பெண் தன் பணத்தையே பாதி கேட்டுவிட்டுப் போகிறாள்.

பெரியம்மா இப்ப தூங்குது. போன நடவில் பக்கத்தில் நின்றவளிடம், “எனக்கு அங்க தோல் வியாதிடி, அரிப்புக்குக் களிம்பு போடுறேன்”ன்னு சத்தமாவே சொல்லியிருக்கு. கயனி அமைதியாயிடுச்சாம். சாயங்காலம் கரையேறும்போது ரெண்டு பேர் தனித்தனியா வந்து, அந்த டாக்டரம்மா எந்தக் கிழமை இருப்பாங்கன்னு கேட்டிருக்காங்க.