பேரையும் சேர்த்து ஷேர் பண்ணுங்க

குரூப்புல பழைய திருப்பூர் போட்டோ வந்தா உடனே ஃபார்வர்ட் பண்ணிடறோம். படம் ஊரெல்லாம் சுத்துது. அதுல இருக்கறவங்க பேரு மட்டும் கூட வர்றதில்ல.

பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோ படங்களைத் தேடி ஸ்கேன் செய்தது. பிரிட்டிஷ் நூலகத்தின் இணையதளத்தில் அவற்றைப் பார்க்கலாம். ஆனா நம்ம வீட்டு ஆல்பத்தைத் தேடி யாரும் வரப்போறதில்ல.

எங்க வீட்டுல ஒரு படம் இருக்கு. பனியன் கம்பெனி வாசல்ல எட்டு பேரு. யாரு கட்டிங் மாஸ்டர், யாரு கைமடின்னு அப்பத்தாவுக்கு மட்டும்தான் தெரியும். வயசு 84.

ஞாயித்துக்கிழமை லீவுதானே? படத்தோட பின்பக்கத்தையும் ஸ்கேன் பண்ணுங்க. ஸ்டுடியோ முத்திரை, தேதி இருக்கும். அப்பத்தா பேர் சொல்லச் சொல்ல ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணுங்க. அப்புறம் ஷேர் பண்ணலாம்.