தீயணைப்பு வண்டி வருவதற்கு முன்னால்

(ஆழ்வார்பேட்டையில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரை)



ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றியும் அரியர்ஸ் பற்றியும் எனக்கு முன்னால் பேசியவர்கள் விரிவாகவே பேசிவிட்டார்கள். எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, தீயணைப்பின் வரலாறும் மரபும். சிவில் படித்துவிட்டு, கட்டடங்களுக்குள் தீயணைப்புக் குழாய் அமைக்கும் தொழிலில் இருப்பவன் நான். அதனால்தான் "நீ பேசுப்பா" என்று மலர்க் குழுவினர் என்னைப் பிடித்துவிட்டார்கள்.

நம் ஊரில் ஒரு வேடிக்கை உண்டு. தீ வைத்தவர்களை நமக்கு நன்றாகத் தெரியும். மதுரையை எரித்த கண்ணகிக்கு மெரினாவில் சிலை இருக்கிறது. இலங்கையை எரித்த அனுமாருக்கு வடைமாலை சாத்துகிறோம். ஆனால் தீயை அணைத்தவர் ஒருவர் பெயரைச் சொல்லுங்கள் என்றால் முழிக்கிறோம்.

பொது ஆண்டு 6-இல் ரோமாபுரியில் அகஸ்டஸ் மன்னர் இரவுக் காவல் படை ஒன்றை அமைத்தார். இரவெல்லாம் தெருத்தெருவாகச் சுற்றித் தீயைக் கண்காணிப்பதும் அணைப்பதும் அவர்கள் வேலை. 1666-இல் லண்டன் மாநகரம் நான்கு நாட்கள் எரிந்தது. அதன் பிறகுதான் அங்கே வீடுகளைச் செங்கல்லாலும் கல்லாலும் கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் சொந்தமாகத் தீயணைப்புப் படை வைத்துக்கொண்டதும் அதன் பிறகுதான்.

1672-இல் ஆம்ஸ்டர்டாமில் யான் வான் டெர் ஹெய்டன் என்பவர் தோலால் ஆன ஹோஸ் குழாயைக் கொண்டுவந்தார். அதுவரை எட்ட நின்று தண்ணீரைப் பீய்ச்சியவர்கள், அதன் பிறகு தீயின் பக்கத்திலேயே போக முடிந்தது. 1824-இல் எடின்பரோவில் நகரப் படைக்குத் தலைவரான ஜேம்ஸ் பிரெய்ட்வுட், "வெளியே நின்று புகையின் மேல் ஊற்றாதே, உள்ளே போய்த் தீயின் அடிவேரைப் பிடி" என்ற முறையில் ஆட்களைப் பழக்கினார். பிற்பாடு அவர் லண்டன் படைக்குத் தலைவரானார். 1861-இல் அங்கே ஒரு கிடங்குத் தீயில் சுவர் சரிந்து விழுந்து இறந்துபோனார். உலகம் முழுக்க, நம் மயிலாப்பூர், தேனாம்பேட்டை நிலையங்கள் வரை, இன்றைக்கும் நடப்பது அந்த மரபுதான். எல்லாரும் வெளியே ஓடிவரும்போது இவர்கள் உள்ளே போகிறார்கள்.

சென்னை நகரத்துக்குத் தீயணைப்புப் படை வந்தது 1908-இல். அதற்குத் தனிச் சட்டம், தமிழ்நாடு தீயணைப்புப் பணிகள் சட்டம், 1985-இல் வந்தது. இப்போது அதன் பெயர் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை. மீட்பு என்றால் வெள்ளத்தில் சிக்கிய மனிதர் முதல் கிணற்றில் விழுந்த மாடு, வீட்டுக்குள் புகுந்த பாம்பு வரை எல்லாம் அவர்கள் தலையில்தான்.

சித்திரை முதல் நாள் நாம் மாங்காய்ப் பச்சடி சாப்பிடுகிறோம். பெரும்பாலும் அது ஏப்ரல் 14-இல் வரும். அதே நாளில் நாடு முழுவதும் தீயணைப்பு நிலையங்களில் நீத்தார் நினைவு நடக்கிறது. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிக்கின் என்ற கப்பல் எரிந்தது. உள்ளே பஞ்சுப் பொதிகள், கூடவே வெடிமருந்து. அணைத்துக்கொண்டிருக்கும்போதே கப்பல் வெடித்துச் சிதறியதில் தீயணைப்பு வீரர்கள் மட்டும் 66 பேர் இறந்தார்கள்.

இதுவரை சொன்னது அவர்களுடைய மரபு. இனி நம்முடைய மரபைக் கொஞ்சம் பார்ப்போம். கேட்க நன்றாக இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1997 ஜூன் 7. தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கு நேரத்தில் யாகசாலைப் பந்தலில் தீப்பிடித்தது. 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2004 ஜனவரி 23. ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். மாடியில் கீற்றுப் பந்தல், இறங்குவதற்குக் குறுகலான படி. மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். அதே ஆண்டு ஜூலை 16. கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடம். சத்துணவுச் சமையல் கூடத்தில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குப் பரவியது. அங்கேயும் குறுகலான படிதான். 94 குழந்தைகள்.

மூன்றும் காவிரிப் படுகையில், சுமார் ஏழு ஆண்டு இடைவெளியில் நடந்தவை. மூன்றிலும் கீற்று. ஜனவரியில் ஸ்ரீரங்கம் சொன்ன பாடம், ஆறு மாதம் கழித்தும் கும்பகோணத்துக்குப் போய்ச் சேரவில்லை. ரெண்டு ஊருக்கும் நடுவே பஸ்ஸில் ஒரு காலைப் பொழுதுதான்! பள்ளிகளில் கீற்றுக் கூரையை எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது கும்பகோணத்துக்குப் பிறகு. தேசியக் கட்டட விதித் தொகுப்பு 1970-இலேயே வந்துவிட்டது. வெளியேறும் வழிக்கு அதில் விதி இருக்கிறது. விதி தெரிந்த எஞ்சினியர்களும் இருந்தார்கள்.

"கீற்றெல்லாம் கிராமத்து விஷயம், நாம ஆழ்வார்பேட்டை சார்" என்று யாராவது நினைக்கலாம். கான்கிரீட் எரியாதுதான். ஆனால் உள்ளே நாம் அடுக்கி வைத்திருப்பது எரியும். அது எரிந்தால் புகை வரும். தீ சுடுவதற்கு முன்னாலேயே ஆளை மயக்கிக் கொல்வது அந்தப் புகைதான். அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. 2022 மார்ச்சில் வேலூரில் ஒரு வீட்டில் சார்ஜில் இருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்தது. தந்தையும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். 2017 மே 31 விடியற்காலையில் தி.நகர் உஸ்மான் ரோட்டில் சென்னை சில்க்ஸ் கட்டடத்தின் அடித்தளத்தில் பிடித்த தீ ஏழு மாடிக்கும் பரவியது. ஒரு நாளைக்கு மேல் போராடினார்கள். புகை அடர்ந்ததால் உள்ளே போய் அடிவேரைப் பிடிக்க வழியே கிடைக்கவில்லை.

இப்போது நம் தெருக்களுக்கு வாருங்கள். தோட்டமும் கிணறுமாக இருந்த பழைய வீடுகள் அப்பார்ட்மெண்ட் ஆகிவிட்டன. கீழே கார் நிறுத்துமிடம். மாடிப்படிக்கு அடியில் ஈ.பி. மீட்டர் போர்டு. அதை ஒட்டி ஸ்கூட்டர்கள், பழைய பேப்பர் கட்டு, யாரோ வேண்டாமென்று போட்ட மெத்தை. போர்டில் ஒரு பொறி கிளம்பினால் என்ன ஆகும்? படிக்கட்டுக் கூடு அப்படியே புகைபோக்கி ஆகிவிடும். இறங்கி வரவேண்டிய ஒரே வழியில் புகை ஏறி வரும். மேலே போகலாம் என்றால் மொட்டை மாடிக் கதவில் பூட்டு. பால்கனியில் கிரில்.

எனக்குத் தெரிந்த ஒரு குடியிருப்பில் சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். "திருட்டு பயம் சார், பூட்டாம எப்படி?" என்றார் ஒரு பெரியவர். நியாயமான கேள்விதான். பூட்டு வேண்டாம், உள்பக்கம் தாழ்ப்பாள் போதும் என்றேன். வெளியிலிருந்து திறக்க முடியாது, உள்ளிருப்பவர் சாவி தேடாமல் திறக்கலாம். ஐந்நூறு ரூபாய்ச் செலவு. மூன்று கூட்டம் ஆயிற்று. மெத்தை போய்விட்டது. பூட்டு இன்னும் தொங்குகிறது. நான்காவது கூட்டத்திலும் கேட்பேன்.

101-க்கோ 112-க்கோ போன் செய்தால் அவர்கள் வருவார்கள். சந்தேகமே வேண்டாம். ஆனால் வண்டி வந்து சேரும் அந்தச் சில நிமிஷங்கள் யாருடைய பொறுப்பு? அவை படிக்கட்டை வரைந்தவருக்கும், அதை அடைத்து வைத்தவருக்கும் சொந்தமானவை. தீயணைப்பு வீரர் உயிரைப் பணயம் வைத்து உள்ளே நுழைகிறார் என்றால், பல இடங்களில் நாம் வெளியே வர வழி வைக்காததுதான் காரணம். அவருடைய வீரத்துக்குக் கைதட்டுவதைவிட, அது தேவைப்படாமல் செய்வது நம் தொழில்.

மாணவத் தம்பி தங்கைகளே, நாளைக்கு உங்களிடம் வரைபடம் வரும். "படிக்கட்டில் அரை மீட்டர் குறைத்தால் ஒரு ரூம் பெரிசாகும்" என்று கேட்கும் ஓனரும் கூடவே வருவார். அன்றைக்குக் கும்பகோணத்தை நினைத்துக்கொண்டு, முடியாது என்று சொல்லுங்கள்.

அண்ணன்மார்களே, இன்று இரவு வீட்டுக்குப் போனதும் லிஃப்டை விட்டுவிட்டு ஒரே ஒரு தடவை படியில் ஏறிப் போங்கள். வழியில் என்னென்ன கிடக்கிறது என்று எண்ணுங்கள். மொட்டை மாடிக் கதவு வரை போய்த் தள்ளிப் பாருங்கள்.